இரவுப் படத்துக்கு ஹீலியோஸா, டக்குமாரா?

மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத டிஜிட்டல்) கேமராவில் போட பழைய லென்ஸ் தேடுபவர்கள் கடைசியில் இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறார்கள்: சோவியத் ஹீலியோஸ் 44-2 (58 எம்.எம்.), ஜப்பானிய சூப்பர் டக்குமார் 50 எம்.எம். இரண்டும் எம்42 திருகு மவுண்ட் (திருகிப் பொருத்தும் வகை). கேமராவோடு இணைக்க ஒரே அடாப்டர் போதும்.

வெளிச்சம்: ஹீலியோஸ் எஃப்/2 (ஒளி நுழையும் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது). டக்குமார் எஃப்/1.4, இரு மடங்கு ஒளி. ஹீலியோஸ் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 6400 கேட்கும் இடத்தில் இதற்கு 3200 போதும்.

தெருவிளக்கு: ஹீலியோஸில் ஃபிளேர் (விளக்கொளி படத்தில் சிதறுவது) தாராளம், பின்னணி விளக்குகள் சுழலும். டக்குமார் அடக்கம். துளையைச் சுருக்கினால் விளக்கைச் சுற்றி ஹீலியோஸில் 8 கதிர், டக்குமாரில் 6.

நிறம்: ஹீலியோஸில் பெரிய வம்பில்லை. டக்குமாரின் பிந்தைய வகையில் தோரியம் (கதிரியக்கத் தனிமம்) கலந்த கண்ணாடி. வருடங்கள் போகப் போக மஞ்சளாகும், கொஞ்சம் ஒளியையும் தின்னும். புற ஊதா விளக்கின் கீழ் சில நாள் வைத்தால் பெரும்பாலும் தெளியும். வாங்கும்போது வெள்ளைத்தாள் மேல் வைத்துப் பாருங்கள்.

விலை: ஹீலியோஸ் மலிவு.

ஃபோகஸ்: இரண்டிலும் முடிவிலிக் குறியை (வெகு தொலைவுக்கான ∞ குறி) நம்பாதீர்கள், அடாப்டரின் தடிமன் சற்றே மாறும். ஒரு விண்மீனைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் வையுங்கள். அப்புறம் டக்குமாரின் சுவிட்ச் ‘எம்’மில் (மேனுவல்) இருக்கட்டும், இல்லாவிட்டால் துளை சுருங்காது.

கடைத்தெரு விளக்குகளுக்கு நடுவே முகம் எடுக்க ஹீலியோஸ். முக்காலி இல்லாமல் இருட்டில் அலைய டக்குமார். என் ஓட்டும் அதற்கே.