மீட்டரில் 12.7 காட்டிய ‘புது’ பெட்டரி: டவுனில் வாங்குபவர்கள் கவனிக்க

பைக் பெட்டரி வாங்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில் ஓடும் 125 சிசி பைக். டவுன் கடையொன்றில் 12 வோல்ட் 5 ஏ.எச். (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) சீல் பெட்டரி, புதுசு என்று சொல்லிப் பூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் மீட்டரை வைத்து 12.7 வோல்ட் காட்டினார். பில்லில் ‘பெட்டரி 1’ என்றும் தொகையும் மட்டும். மூன்றாம் நாள் விடியக்காலைக் குளிரில் செல்ஃப் பட்டனை அமுக்கினால் ரிலே டக் டக் என்று அடிக்கிறது, மோட்டர் சுற்றவில்லை.

அளந்து பார்த்தபோது சும்மா நிற்கையில் 12.5. செல்ஃப் அமுக்கியதும் 7.8. நல்ல பெட்டரி அந்த நேரத்தில் 9.6க்குக் கீழே இறங்கக்கூடாது. கடைக்குக் கொண்டுபோனால், “உங்க பைக் ஓவரா சார்ஜ் பண்ணுது, அதான் பெட்டரி போயிருச்சு” என்றார்கள். கிக் அடித்து, அக்சிலேட்டரைப் பாதிக்கு முறுக்கிப் பிடித்து டெர்மினலில் அளந்தால் 14.2. 13.8க்கும் 14.5க்கும் இடையில் இருந்தால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். 15ஐத் தாண்டினால்தான் அந்தப் பேச்சுக்கே இடம்.

பிறகு ஸ்டிக்கரின் ஓரத்தை உரித்தால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர். டெர்மினல் ஈயத்தில் ஸ்குரூ ஏற்கெனவே அழுந்திய வட்டத் தழும்பு, அதன்மேல் மணல்தாள் போட்ட கீறல். மேல்மூடியின் ஓரத்தில் கசிந்து காய்ந்த பசை. எங்கேயோ கழித்துவிட்ட பெட்டரியைத் திறந்து, தண்ணீர் ஊற்றி, சார்ஜ் ஏற்றி, புதுச் சட்டை மாட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் மீட்டர் பொய் சொன்னதா? இல்லை. வாளியும் கோப்பையும் விளிம்புவரை நிரம்பியிருந்தால் மட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான், தண்ணீர் ஒன்றா? தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிட்டால் வேலை செய்யும் பரப்பு சுருங்கிவிடும். மிச்சமிருக்கும் கொஞ்சப் பரப்பு சார்ஜ் ஏறியதும் 12.7 காட்டும். சுமை கொடுத்த உடனே குட்டு வெளிப்படும். சார்ஜரைக் கழற்றிய கையோடு அளந்தால் மேலோட்டமான சார்ஜ் எண்ணை இன்னும் தூக்கிக் காட்டும். சில மணிநேரம் சும்மா வைத்த பிறகு வரும் எண்தான் கணக்கு: 12.6 முதல் 12.8 வரை முழுச் சார்ஜ், 12.4 முக்கால்வாசி, 12.2 பாதி, 11.9 என்றால் ஏறக்குறைய காலி.

ஆகவே கடைவாசலிலேயே பூட்டச் சொல்லுங்கள். மீட்டர் முனைகளை டெர்மினலில் வைத்தபடி செல்ஃப் அடிக்கச் சொல்லி, அந்த எண்ணைப் பாருங்கள். எஞ்சின் சூடாக இருந்தால் கொஞ்சம் ஆறவிடுங்கள். சூட்டில் எளிதாகச் சுற்றிவிடும், பழுது தெரியாது. கொழும்பில் ஆறு மாதம் இழுத்தடிக்கிற பெட்டரி இங்கே மலையில் ஆறு நாள்கூடத் தாங்காததற்குக் காரணமும் குளிர்தான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் பனி உறைகிற நாட்களும் உண்டு. பூச்சியத்தை ஒட்டிய குளிரில் ஈயப் பெட்டரி தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கையாவது இழக்கும். அதே நேரம் எஞ்சின் ஒயில் தடித்து, செல்ஃப் மோட்டருக்கு இழுவை கூடும். இறக்கத்தில் தள்ளி இரண்டாம் கியரில் போட்டு ஸ்டார்ட் செய்கிற நம் ஊர்ப் பழக்கம் பழுதை மறைக்கவும் செய்யும். இன்ஜெக்‌ஷன் பைக்கில் அதுவும் நடக்காது. பெட்டரி முழுதாகச் செத்தால் பெற்றோல் பம்பே ஓடாது.

அசிட் ஊற்றும் வகையில் வேறொரு ஏமாற்று. காய்ந்த பெட்டரியில் அசிட்டை ஊற்றி, பத்து நிமிடத்தில் பைக்கில் பூட்டி அனுப்பிவிடுவார்கள். ஊற்றிய பிறகு குறைந்தது அரைமணி நேரம் தகடு ஊற வேண்டும். மட்டம் இறங்கினால் மேல்கோடு வரை அசிட்டையே நிரப்ப வேண்டும். அதன்பின் கொள்ளளவில் பத்தில் ஒன்று, அதாவது 5 ஏ.எச்.க்கு 0.5 ஆம்பியரில், பெட்டரியோடு வரும் தாளில் போட்டிருக்கும் மணிநேரம் முதல் சார்ஜ். இதைத் தவிர்த்த பெட்டரி அதன் முழு வலுவை எப்போதுமே எட்டாது. பக்கக் குழாயின் சிவப்பு மூடியைக் கழற்றி, வாயுக் குழாயை மாட்டினார்களா என்றும் பாருங்கள். அடைபட்டால் வாயு சேர்ந்து பெட்டரி வெடிக்கக்கூடும். பிறகு மட்டம் குறைந்தால் டிஸ்டில் வாட்டர் மட்டும். பீலியில் வரும் மலை ஊற்றுத் தண்ணி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் தாது உண்டு. அசிட்டும் வேண்டாம்.

வீட்டில் மாற்றுபவர்கள் கழற்றும்போது முதலில் மைனஸ், பூட்டும்போது முதலில் பிளஸ். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் ஃபிரேமில் பட்ட நொடியில் பொறி பறக்கும்.

அந்தப் பைக்கில் அலாரமும் இருந்தது. அதே கடையில் ரிமோட் சாவிக்கும் செல் மாற்றியிருக்கிறார்கள். போட வேண்டியது சி.ஆர். 2032: 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. தடிப்பு, 3 வோல்ட். கையிருப்பில் இல்லாததால் 1.6 மி.மீ. தடிப்புள்ள சி.ஆர். 2016 இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மூடிவிட்டார்கள். தடிப்பு கச்சிதமாகப் பொருந்தும். வோல்ட் 6. ரிமோட்டின் சிறு விளக்கு பளிச்சென்று எரிந்தது, அடுத்த நாள் எதுவுமில்லை. “ரிமோட் பழசு, புதுசு வாங்கி புரோகிராம் பண்ணணும்” என்று அதற்கும் ஒரு விலை.

பொதுவாகச் செல் மாற்றியதற்காக ரிமோட் தன் குறியீட்டை மறப்பதில்லை. மின் இல்லாமலும் நிற்கும் நினைவகத்தில்தான் அது இருக்கிறது. செல் மாற்றிய கையோடு புரோகிராமிங் கூலி கேட்டால் ஏனென்று கேளுங்கள். பழைய செல்லின் முதுகில் உள்ள எண்ணைப் பார்த்து அதே எண்ணையே வாங்குங்கள். 2025 போட்டால் 0.7 மி.மீ. குறைந்து ஆட்டம் கொடுக்கும். எல்.ஐ.ஆர். 2032 என்பது சார்ஜ் ஏற்றும் வகை, முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், அதுவும் வேண்டாம். நீள உருளைச் செல் போடும் ரிமோட் என்றால் 23ஏ, 27ஏ இரண்டும் 12 வோல்ட்தான். 27ஏ மெல்லியது, இடம் மாறிப் பொருந்தாது. தட்டில் கொட்டி வைத்த உதிரிச் செல்களைத் தொடவேண்டாம். ஒன்றோடொன்று உரசி வடிந்திருக்கும், மீட்டரில் மட்டும் 3 காட்டும். கழற்றிய செல்லைப் பிள்ளைகள் எட்டும் இடத்தில் போடாதீர்கள். விழுங்கினால் இரண்டு மணிநேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

“அலாரம்தான் பெட்டரியைக் குடிக்குது” என்பது கடைக்காரரின் கடைசிச் சாக்கு. அது நடக்கக்கூடியதுதான். 20 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளைக்கு 0.48 ஏ.எச்., புது 5 ஏ.எச். பெட்டரி பத்து நாளில் காலி. ஆனால் வாயால் சொன்னால் போதாது. சாவியை எடுத்து, மைனஸ் வயரைக் கழற்றி, இடையில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக மாட்டிப் பார்த்தால் எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்துவிடும். மீட்டர் மாட்டியிருக்கையில் செல்ஃப் மட்டும் அடிக்காதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். இந்தப் பைக்கில் 4 மில்லி ஆம்பியர்.

இப்போது கடைக்காரர் பிடித்துக்கொண்டிருப்பது, ஸ்டிக்கரை உரித்ததால் வாரண்டி இல்லை என்பதை. ஆகவே இரட்டை ஸ்டிக்கர் தெரிந்தால் கைவைக்காமல் படம் எடுத்துக்கொண்டு கடைக்காரர் முன்னாலேயே காட்டுங்கள். பில்லில் பிராண்ட், மாடல், பெட்டரியில் பொறித்த தொடர் எண், வாரண்டி மாதம் நான்கையும் எழுதி வாங்குங்கள். பில் தர மறுத்தாலோ பழையதைப் புதுசென்று விற்றாலோ நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம். அது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி இயங்குவது. முறைப்பாடு முடியும்வரை அந்தப் பெட்டரியை “பழசுக்கு விலை தாறேன்” என்று கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். கையில் இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.