கடலுக்குள் குழாயா, கரையில் கிணறா: குடிநீர் ஆலைக்கு எது தோது?

கடல்நீரின் உப்பை நீக்கி நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆர்.ஓ. ஆலைக்குச் சுமார் 24 கோடி லிட்டர் கடல்நீர் வேண்டும். உள்ளே போவதில் 42 சதவீதம் அளவுக்குத்தான் நன்னீராகும். கடல்நீரை எடுக்கும் வழி முடிவாகாமல் வடிகட்டி, ரசாயனம், நிலம் எதையும் தீர்மானிக்க முடியாது. உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பரேனின் பிராண்டுக்காக மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்கள் இதை ஒரே கூட்டத்தில் முடித்துவிடுவதுதான் வேடிக்கை.

கரைக் கிணற்றில் மணலே வடிகட்டி. பாசியும் ஜெல்லிமீனும் கிட்டவே வராது. மணல் நன்றாக இருந்தால் நீரிலுள்ள நுண்துகள் மெம்பரேனை எவ்வளவு அடைக்கும் என்று காட்டும் எஸ்.டி.ஐ. 3-க்குள் நிற்கும், 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் ஃபில்டரோடு வேலை முடிந்துவிடுவதும் உண்டு. ஆனால் கிணற்றுக்கு நாளொன்றுக்கு 30 லட்சம் லிட்டர் என்று தாராளமாக வைத்தாலும் 80 கிணறு, 50 மீட்டர் இடைவெளியில் 4 கி.மீ. கடற்கரை. மாற்றுக் கிணறுகள் தனி.

இதைவிடப் பெரிய வில்லங்கம் இரும்பு. மண்ணடியில் ஆக்சிஜன் இல்லாத இடங்களில் இரும்பும் மாங்கனீசும் நீரில் கரைந்தே இருக்கும். பிடித்தவுடன் பளிங்காகத் தெரியும் மாதிரி, பாட்டிலைத் திறந்து வைத்தால் பழுப்பேறிவிடும். பம்பின் உறிஞ்சு பக்கம் காற்று கசிந்தால் இதே துரு மெம்பரேனில் படியும். குளோரினும் இரும்பை இப்படியே துருவாக்கும்; அதனால் கிணற்று நீருக்கு அதைப் போடவே கூடாது.

கடல் குழாயில் அளவுக்குப் பஞ்சமில்லை. வினாடிக்கு 2.8 கனமீட்டர் நீரை, மீன்குஞ்சு ஒட்டிக்கொள்ளாதபடி 0.15 மீட்டர் வேகத்தில் இழுக்க, வலையின் திறப்புகள் மட்டும் 19 சதுர மீட்டர் வேண்டும். குழாய்க்குள் சிப்பி ஒட்டாமலிருக்க இடைவிட்டுக் குளோரின். அது மெம்பரேனை அரிக்காமலிருக்க, குளோரினை முறிக்கும் சோடியம் பைசல்பைட். இரண்டுக்கும் காவலாக, நீரில் குளோரின் மிச்சமிருந்தால் காட்டிக்கொடுக்கும் ஓ.ஆர்.பி. மீட்டர். அந்த மீட்டர் பொய் சொன்னால் மெம்பரேனின் பாலிஅமைடு படலம் போச்சு, கழுவி மீட்க முடியாது. 2008-09-இல் வளைகுடாவில் செம்பாசி பெருகியபோது வெறும் மணல் வடிகட்டியை நம்பிய ஆலைகள் உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது. பாசி வரும் கடல் என்றால் வடிகட்டிக்கு முன்னால் நுண்காற்றுக் குமிழால் பாசியை மிதக்கவைத்து வழித்தெடுக்கும் டி.ஏ.எஃப். தொட்டி கட்டாயம்.

நடுவழியும் உண்டு: ஜப்பானின் ஃபுகுவோகாவில் கடலடி மணலுக்குள் துளைக்குழாய் பதித்து, அந்த நீரிலிருந்து 2005 முதல் நாளைக்கு 5 கோடி லிட்டர் வரை குடிநீர் தயாரிக்கிறார்கள். அலை மணலைப் புரட்டிக்கொண்டே இருந்தால்தான் இது அடைக்காது. சேறு படியும் கரைக்கு ஒத்துவராது.

எங்கள் கணக்கில் 1 கோடி லிட்டருக்குள் என்றால் கிணறு, 10 கோடி என்றால் குழாய். இடைப்பட்ட அளவுக்குச் சோதனைக் கிணறு தோண்டிப் பல வாரம் இறைத்து, உப்பையும் இரும்பையும் தினம் குறித்துப் பாருங்கள். உப்பு நாளுக்கு நாள் இறங்கினால், ஊர்ப்பக்க நன்னீரை உறிஞ்சுகிறீர்கள் என்று பொருள்; அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.