கெரால்ட்டுக்குத் தென்னஞ்சாராயம்: உப்புவெளி மதுக்கூடம் ஒன்றின் நான்கு பானங்கள்

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே சுமார் 6 கிலோமீற்றர் போனால் உப்புவெளி வரும். அங்கே பொதுநலவாய யுத்த மயானத்துக்கு அண்மையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஏழெட்டு அறைகள் மட்டுமே உள்ள விருந்தினர் விடுதியொன்றின் முற்றத்தில், கிடுகு வேய்ந்த சிறிய மதுக்கூடம் ஒன்று இந்தப் பருவகாலத்தில் கணினி விளையாட்டுப் பாத்திரங்களின் பெயரில் நான்கு பானங்களைக் கலந்து கொடுத்து வருகிறது. குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் விடுதியின் பெயரை எழுதாமல் விடுகிறேன். விளையாட்டுகளைப் பற்றிய என் அறிவு பெரும்பாலும் அக்காவின் மகனிடமிருந்து வந்தது. ஆகவே மூன்று தடவையும் அவனைக் கூட்டிக்கொண்டே போனேன். அவனுக்கு வயது 24 என்பதையும், மது வாங்குவதற்குச் சட்டம் விதித்த 21 வயதை அவன் எப்போதோ தாண்டிவிட்டான் என்பதையும் அவனுடைய தாயாருக்காக இங்கே பதிந்து வைக்கிறேன்.

சுருக்கமாக முடிக்கக்கூடியவற்றை முதலில் முடித்துவிடலாம். மரியோவின் பெயரில் வருவது வொட்காவில் ஸ்ட்ரோபெரிப் பாகும் சோடாவும் கலந்த சிவப்புப் பானம். சொனிக்கின் பெயரில் வருவது நீலக் குராசோ என்னும் தோடம்பழ மதுவை ஊற்றிய நீலப் பானம். இரண்டும் குடிக்கக்கூடியவைதான். ஆனால் சிவப்புத் தொப்பியும் நீல உடம்பும் நினைவுக்கு வந்ததற்கு அப்பால், கலந்தவர் எதையும் யோசித்ததாகத் தெரியவில்லை. சேகா நிறுவனம் 1991 இல் வெளியிட்ட முதல் விளையாட்டிலிருந்தே சொனிக்கின் குணம் வேகம். அவன் பெயரிலுள்ள பானம் ஒரே மிடறில் முடிகிற சிறு கிண்ணமாக இருக்கவேண்டுமே தவிர, அரை மணித்தியாலம் உறிஞ்சிக்கொண்டிருக்கும் நெடுங்கிண்ணமாக இருக்கக்கூடாது. மரியோவோ 1981 இல் டொங்கி கொங் விளையாட்டில் வெறும் தாவும் மனிதனாகத் தோன்றியவன். பிந்திய விளையாட்டுகளில் காளானைத் தொட்டதும் அவன் உருவம் பெரிதாவதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கிண்ணத்தின் அடியில் கொஞ்சமாகக் கொண்டுவந்து வைத்து, மேசையிலேயே சோடாவை ஊற்றி நுரை பொங்க உயரச் செய்திருந்தால் செலவு ஒரு சதமும் கூடியிராது.

மூன்றாவது பானமாகிய பக்-மேன் மதுவில்லாதது. மாம்பழச் சாற்றில் அவித்த சவ்வரிசி மிதக்க, அகன்ற உறிஞ்சுகுழாயோடு வருகிறது. 1980 முதல் அந்த மஞ்சள் வட்டம் செய்துவரும் வேலை புள்ளிகளை வரிசையாக விழுங்குவது. குழாயில் சவ்வரிசி ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வரும்போது அதே வேலையை நாம் செய்துகொண்டிருக்கிறோம். பக்கத்து மேசையிலிருந்த சிறுமிக்கு இதை யாரும் விளக்கவேண்டி இருக்கவில்லை. பாத்திரத்தின் சட்டை நிறத்தைக் கிண்ணத்தில் ஊற்றுவதற்கும், பாத்திரம் செய்கிற காரியத்தைக் கிண்ணத்தில் நடக்கச் செய்வதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

நான் எழுத உட்கார்ந்தது நான்காவதற்காக. ரிவியாவின் கெரால்ட், போலந்து எழுத்தாளர் ஒருவரின் கதைகளில் பிறந்து, அதே நாட்டின் சீடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் 2007, 2011, 2015 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று விட்சர் விளையாட்டுகளால் உலகெங்கும் அறியப்பட்டவன். கூலிக்குப் பேய் பூதங்களை வேட்டையாடுகிறவன். வெள்ளை முடி, பூனைக்கண், மனிதருக்கு ஓர் உருக்கு வாள், பூதங்களுக்கு ஒரு வெள்ளி வாள் என்று அவனைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுவிடலாம். கொக்டெயில் கலப்பவருக்கு வேண்டியது அந்தத் தோற்றமல்ல. சண்டைக்கு முன்பும் சண்டைக்கு நடுவிலும் தானே கலந்த மருந்துகளைக் குடிக்கிறவன் இவன் என்பதும், அந்த மருந்துகளுக்கு அடிப்படை கடும் மது என்பதும்தான். மூன்றாம் விளையாட்டில், இழந்த உயிர்ப்பலத்தை மீட்டுத்தரும் ‘சுவாலோ’ என்னும் மருந்துக்குக் குள்ளர்கள் வடித்த மது ஒன்று, நீர்ப்பேயின் மூளை ஒன்று, செலண்டைன் என்னும் மஞ்சட்பூச் செடி ஐந்து என்று கணக்கே இருக்கிறது. ஒரு முறை கலந்துவிட்டால், பின்பு அவன் தியானத்தில் அமரும் போதெல்லாம் பையிலுள்ள கடும் மதுவைச் செலவழித்து வெறுங்குப்பிகள் நிறைந்துகொள்ளும். செய்முறையை விளையாட்டே எழுதிக் கொடுத்துவிட்டது. அதை நம்மூர்ச் சாமான்களுக்கு மாற்றுவது மட்டுமே மதுக்கூடத்தின் வேலை.

அந்த வேலையை இவர்கள் நன்றாகவே செய்திருக்கிறார்கள். குள்ளர் மதுவின் இடத்தில் தென்னஞ்சாராயம் நிற்கிறது. பாளையில் இறக்கிய கள்ளை வடித்து மரப் பீப்பாய்களில் முதிரவைத்து எடுப்பது நல்ல சாராயம். அந்தப் பீப்பாய்களுக்கு இலங்கையில் வழக்கமாகப் பயன்படுவது ஹல்மில்லை மரம், ஆங்கிலத்தில் அந்த மரத்துக்கு வழங்கும் பெயரோ ‘திருகோணமலை மரம்’. ஊரின் பெயரைத் தாங்கிய மரத்தில் உறங்கி எழுந்த மதுவை ஊரிலேயே ஒரு வேட்டைக்காரனின் மருந்துக்கு அடியாக வைத்திருக்கிறோம் என்று பெருமையடித்துக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பு இது. நான் சொன்னபோது, கலக்கும் இளைஞர் மகிழ்ந்து, அடுத்த நாளே விலைப்பட்டியலில் எழுதிவிடுவதாகச் சொன்னார். அடுத்த முறை போனபோதும் எழுதியிருக்கவில்லை.

செலண்டைன் நம்மூரில் முளைப்பதில்லை. முளைத்தாலும் அதன் மஞ்சட்பால் நஞ்சு. அதற்குப் பதிலாக ஆவரசம் பூவைத் தேர்ந்திருப்பதுதான் இந்தப் பானத்தில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு, ஏனென்றால் மஞ்சள் நிறம் பொருந்துவதோடு, வெயிற்சூட்டுக்கு ஆவரசம் பூவை அவித்துக் குடிக்கும் பழக்கம் ஏற்கெனவே இங்கு இருப்பதால் மருந்து என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. காய்ந்த பூவைக் கொதிக்கவிடாமல் வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, சம எடை சீனியைக் கரைத்துப் பாகாக்குகிறார்கள். கொதித்தால் துவர்ப்பு மேலோங்கிவிடும் என்பதை ஒரு தடவை பழுதாக்கியே கற்றுக்கொண்டதாக இளைஞர் ஒப்புக்கொண்டார். 50 மில்லிலீற்றர் சாராயம், 20 பாகு, 20 தேசிக்காய்ச் சாறு, பிட்டர்ஸ் என்னும் கசப்புச் சாரம் இரண்டு சொட்டு ஆகியவற்றை ஐஸோடு ஷேக்கரில் இட்டுப் பத்துப் பன்னிரண்டு வினாடி குலுக்கி, வடித்து, கடைசியில் 60 மில்லிலீற்றர் ஜிஞ்சர் பியரை மேலே விடுகிறார். சாராயத்தின் காரம் (மதுசாரத்தின் அளவு) மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்பதால், கரைந்த ஐஸ் நீரையும் சேர்த்துப் பார்த்தால் கைக்கு வருவது பத்துச் சதவீதமளவு காரமுள்ள, அதாவது பியரைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு காரமுள்ள பானம். முதலில் தேசிக்காயின் புளிப்பும், நடுவில் சாராயத்தின் வெதுவெதுப்பும், விழுங்கிய பிறகு பூவின் மெல்லிய கசப்பும் வருகின்றன. அந்தக் கசப்பு போனபின்புதான் அடுத்த மிடறுக்குக் கை போகிறது.

கலவை இவ்வளவு கவனமாக இருக்கும்போது ஐஸில் கவனம் தளர்வது வருத்தத்துக்குரியது. குலுக்கும்போது கரைகிற நீரும் கொக்டெயிலின் ஒரு சேர்மானமே. கட்டி பெரிதாகவும் காய்ந்தும் இருந்தால் அளவாகக் கரையும், சிறிதாகவும் வாளியில் ஏற்கெனவே நீர் விட்டும் இருந்தால் கணக்கு தவறும். கச்சான் காற்று அனல்போல் அடித்த ஒரு மாலையில், மூன்றாம் தடவையாக நாங்கள் போனபோது, நடந்தது இந்த இரண்டாவது வகை. போதாததற்கு அன்று ஆவரசம் பாகு தீர்ந்துபோய், அதன் இடத்தில் பனங்கட்டிப் பாகை ஊற்றியிருந்தார்கள். மஞ்சள் மறைந்து கபில நிறமாகிவிட்ட கிண்ணத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “மாமா, இது கெரால்ட் குடிக்கிற சாமான் இல்லை, வாளுக்குப் பூசுற எண்ணெய்” என்றான் மருமகன். (அப்படி எண்ணெய்களும் அந்த விளையாட்டில் உண்டு, பூதத்தின் இனத்துக்கேற்ப வாளில் பூசிக்கொள்வான்.) பாகு இல்லாத நாளில் பானமும் இல்லை என்று சொல்வதே மரியாதை.

நீர்ப்பேயின் மூளைக்கு நுங்கு. தோல் சீவிய ஒற்றை நுங்கு, உள்ளே நீர் தளும்ப, மஞ்சட் பானத்தில் மிதப்பதைப் பார்த்தால் சிரிப்பும் அருவருப்பும் ஒன்றாக வரும். இந்தப் பாத்திரத்துக்கு அதுதான் சரி. ஆனால் மருந்துக் குப்பி என்ற எண்ணத்தைக் காப்பாற்றுவதற்காக அனைத்தையும் ஒடுங்கிய கழுத்துள்ள கண்ணாடிப் போத்தலில் ஊற்றித் தருகிறார்கள். நுங்கை நறுக்கித் திணித்து உள்ளே அனுப்பிவிடலாம். வெளியே வரவழைப்பதற்கு வழி வைக்கவில்லை. முள்ளுக்கரண்டியும் போத்தலுமாக மருமகன் பட்ட பாட்டை விடுங்கள், ஒடுங்கிய வாயால் மூக்குக்கு எந்த மணமும் எட்டாமல் போவது அதைவிடப் பெரிய இழப்பு. சாராயத்தின் மணமே தெரியாவிட்டால் இவ்வளவு யோசித்துச் சாராயத்தைத் தேர்ந்ததற்குப் பயன் என்ன? கேட்டதும் அகன்ற கிண்ணத்தில் மாற்றித் தந்தார்கள், நீங்களும் கேளுங்கள்.

முதல் தடவை நாங்கள் நாள்காட்டியைப் பாராமல் நோன்மதி தினத்தன்று போய்ச் சேர்ந்திருந்தோம். நாடு முழுவதும் மது விற்பனை தடைசெய்யப்பட்ட நாள் அது. திரும்பிவிடலாம் என்று எழுந்தபோது, மதுவில்லாமலும் கெரால்ட் இருக்கிறான் என்று இருத்தினார்கள். சாராயமும் ஜிஞ்சர் பியரும் இருக்கவேண்டிய இடத்தில் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்து ஆறவைத்த குடிநீர். பாகும் தேசிக்காயும் நுங்கும் வழக்கம்போல. “அண்ணை, தடிமனுக்கு எங்கட அம்மம்மா அவிச்சுத் தாறதுதான், ஐஸ் மட்டும் புதுசு” என்றார் இளைஞர். சாராயக் கலவையைக் குடித்த பின்பும் என் கருத்து மாறவில்லை: குடிப்பதற்குச் சுவையானது இந்த நோன்மதிக் கலவையே. அடியில் கடும் மது இல்லாததால் கெரால்ட்டின் மருந்தென்று அதைச் சொல்ல முடியாது என்று மருமகன் வாதாடுகிறான், அதில் நியாயமும் இருக்கிறது. சாராயத்தோடு ஜிஞ்சர் பியருக்குப் பதிலாக இந்தக் குடிநீரைக் கொஞ்சம் சோடாவுடன் விட்டால் இருவரும் ஒத்துப்போவோம் என்று நினைக்கிறேன். அப்படிக் கலந்து தரும்படி கேட்டபோது, பட்டியலில் இல்லாததற்கு விலை போடத் தெரியாது என்று மறுத்துவிட்டார்கள்.

கலவைக்கு வெளியே, ஆனால் பாத்திரத்துக்கு மிக நெருக்கமாக, இவர்கள் செய்திருக்கும் ஒரு காரியத்தைத் தனியாகப் பாராட்டவேண்டும். விளையாட்டில் கெரால்ட் குடிக்கும் ஒவ்வொரு மருந்தும் உடம்பில் நஞ்சை ஏற்றும். பச்சை நிறக் கோடொன்று அதை அளந்து காட்டும். எல்லை கடந்தால் உயிர்ப்பலம் கரையத் தொடங்கும். இந்தப் பானத்தைக் கேட்டவுடன், மூன்று கட்டங்கள் வரைந்த ஒரு சிறு அட்டையை மேசையில் வைக்கிறார்கள். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு கட்டத்தைப் பச்சை மையால் நிரப்புகிறார்கள். மூன்றும் நிறைந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு தட்டு அவித்த மரவள்ளிக்கிழங்கும் இலவசமாக வரும். கடலில் இறங்கும் ஆசையோடு வந்தவர்கள் அமர்ந்திருக்கும் ஒரு முற்றத்தில், ‘போதும்’ என்று ஒருவருக்கு முகம் கோணாமல் சொல்வதற்கு இதைவிட நல்ல உபாயத்தை நான் கண்டதில்லை. எங்கள் அட்டையில் இரண்டு கட்டங்களுக்கு மேல் நிரம்பவில்லை.

கெரால்ட் 2,200 ரூபாய், நோன்மதிக் கலவை 900 ரூபாய், இரண்டுக்கும் மேலே பத்துச் சதவீத சேவைக் கட்டணம். சாராயம், ஜிஞ்சர் பியர், தேசிக்காய் என்று பிரித்துக் கணக்குப் பார்ப்பவருக்கு முதலாவது விலை உறைக்கும். பாகு காய்ச்சி, நுங்கு சீவி, அளந்து கலக்கும் உழைப்பைப் பார்த்தவருக்கு அவ்வளவாக உறைக்காது. மரியோவுக்கும் சொனிக்குக்கும் அதே 2,200 வாங்குவதை நியாயப்படுத்த என்னால் முடியவில்லை. ஐப்பசி மழை தொடங்கினால் மதுக்கூடத்தைக் கட்டிவைத்துவிட்டு, கடல் அடங்கிய பிறகே மறுபடி திறப்பார்களாம்.

கடைசியாக ஒரு பெயர்ப் பிழை. பட்டியலின் தமிழ்ப் பக்கத்தில் இந்தப் பானத்துக்கு ‘விழுங்கு’ என்று போட்டிருக்கிறார்கள். ‘சுவாலோ’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அப்படியும் ஒரு பொருள் உண்டு என்றாலும், போலந்து மொழியில் அந்த மருந்தின் பெயர் ஒரு குருவியின் பெயர். தமிழில் தகைவிலான் என்பார்கள். வாடைக்காற்றோடு வடக்கேயிருந்து வந்து, நம்மூர் மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்திருக்கும் அதே குருவிதான். இதை விளக்கி, பட்டியலின் பின்புறத்தில் பெயரை எழுதிக் கொடுத்தேன். இளைஞர் எழுத்துக்கூட்டி இரண்டு தடவை வாசித்தார். பிறகு கேட்டார்: “அண்ணை, இந்தப் பேரைச் சொல்லி ஆர் ஓடர் பண்ணுவினம்?”