பிரிக்ஃபீல்ட்ஸ் அச்சுக்கடை: நம்பிப் போகலாம்

கோயில் நிலத்தைக் காக்கக் கோரி அமைதியாகக் கூடி நிற்க 30 பதாகை கேட்டேன். ஜாலான் துன் சம்பந்தன் பின்சந்துக் கடை அண்ணன் மறுநாளே தந்தார். மழையில் நனைந்தும் சிவப்பு எழுத்து கரையவில்லை. குச்சிதான் கொஞ்சம் கனம்.

"வாசல்லயா நிக்கப்போறீங்க தங்கச்சி? 50 மீட்டர் தள்ளி நில்லுங்க" என்றார், அக்கறையாக. மலேசியாவின் 2012 அமைதிப் பேரணிச் சட்டத்தில் வழிபாட்டுத் தலமும் சுற்றி 50 மீட்டரும் பேரணி கூடத் தடையுள்ள பகுதி. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம். இது அநியாயம். வழிபாட்டைக் குலைப்பவரைத் தண்டிக்கத்தான் குற்றவியல் சட்டத்தில் 296-ஆவது பிரிவு இருக்கிறதே! வாய்மூடி மெழுகுவத்தி பிடித்து நிற்பவரை ஏன் விரட்ட வேண்டும்? கோயிலுக்கே ஆபத்து என்றால் கோயில் வாசலில்தானே நிற்போம்?

பிழையாக வந்த இரண்டு பதாகையை அண்ணன் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்.