ஹால் ஜன்னலுக்கு ரோலர் பிளைண்ட்: அந்த ஒரு விரல் இடுக்கு

பக்கத்து பிளாக்கில் வீடு வாங்கியிருக்கும் நண்பர், "உங்க ஹால்ல இருக்கிற அதே பிளைண்டை நாங்களும் போட்டுடலாமா?" என்று கேட்டார். ரோலர் பிளைண்ட் என்றால், பக்கத்தில் தொங்கும் சங்கிலியை இழுத்தால் மேலே ஒரு குழாயில் சுருண்டு ஏறி இறங்கும் துணித் திரை. கேட்ட நேரம் சரியில்லை. வெயிலில் காய்ந்து பல் உடைந்த சங்கிலிச் சக்கரத்தை அன்றுதான் காசு கொடுத்து மாற்றியிருந்தேன். வாயில் வந்ததை அப்படியே சொல்லாமல் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஹால் ஜன்னல் மேற்குப் பார்த்தது. சென்னையில் மேற்கு ஜன்னல் என்றால் சன்ஷேடு பேருக்குத்தான். நாலரை மணிக்கு மேல் வெயில் அதற்குக் கீழே இறங்கி நேராக உள்ளே வந்துவிடும். டிவியில் படத்துக்குப் பதில் ஜன்னல்தான் தெரியும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். துணி அருமை. 5% சன்ஸ்கிரீன் துணி, அதாவது நெசவில் நூறில் ஐந்து பங்கு ஓட்டை. கடைக்காரர் கிரீம் நிறம்தான் எடுப்பாக இருக்கும் என்று அடம்பிடித்தார். நாங்கள் அடர் சாம்பல் எடுத்தோம். வெளிர் துணி வெயில் பட்டதும் டியூப் லைட் மாதிரி தானே ஒளிர ஆரம்பித்துவிடும், கூச்சம் ஜன்னலிலிருந்து துணிக்கு மாறும், அவ்வளவுதான். அடர்நிறம் ஒளியைக் குடித்துவிடுகிறது. கண் கூசாது, எதிரே இருக்கும் வேப்பமரமும் தெளிவாகத் தெரியும். மூடியிருக்கும்போதும் வெளியே பார்க்க முடியும் என்பதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் வெயிலைக் குடித்த துணி சும்மா இருக்குமா? ஐந்து மணிக்குத் தொட்டால் சுடும், அந்தச் சூடு ஹாலுக்குத்தான். வெக்கையும் குறைய வேண்டும் என்றால் கண்ணாடிக்கு வெளியே மூங்கில் தட்டி கட்ட வேண்டும். எங்கள் அசோசியேஷன் விடாது.

இப்போது என் வயிற்றெரிச்சல். அளவெடுக்க வந்தவர் ஜன்னல் பள்ளத்துக்கு உள்ளேயே மாட்டினால்தான் நீட்டாக இருக்கும் என்றார். குழாயின் இரண்டு முனையிலும் பிராக்கெட், ஒரு பக்கம் சங்கிலிச் சக்கரம்; அவற்றுக்கு இடம் விட்டுத்தான் துணியை வெட்ட முடியும். ஆக, இரண்டு ஓரத்திலும் ஒரு விரல் இடுக்கு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பளீரென்று ஒரு வெயில் கோடு, தரையிலிருந்து சுவர் வரைக்கும். ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தாது. மங்கலான அறையில் ஒற்றைக் கோடு என்றால் கண் வேறெங்கும் போக மாட்டேன் என்கிறது.

அந்தக் கோடு ஓரிடத்திலும் நிற்பதில்லை. கோடையில் சூரியன் மேற்குக்குச் சற்று வடக்கே இறங்குகிறது. அப்போது வலப்பக்க இடுக்கைச் சுவரே மறைத்துவிடும், இடப்பக்கத்தில் மட்டும் வெயில் சாய்ந்து உள்ளே வரும். மார்கழியில் எல்லாம் தலைகீழ். அப்பாவின் சாய்வு நாற்காலியைக் கோடையில் ஒரு பக்கம், குளிர்காலத்தில் இன்னொரு பக்கம் என்று நகர்த்திக்கொண்டே இருக்கிறோம். "வீட்டுக்குள்ளயே உத்தராயணம், தட்சிணாயனமா?" என்று அவர் கேட்கிறார். கடைக்குப் போன் செய்தால் ஓரத்துக்கு அலுமினிய சானல் போடலாம் என்கிறார்கள். அதற்குத் தனி விலையாம்!

இரவு விஷயத்தையும் சொல்ல வேண்டும். விளக்கு போட்டதும் பார்வை திசை மாறிவிடும்: நமக்கு வெளியே தெரியாது, வெளியே இருப்பவருக்கு நம் ஹால் தெரியும். எதிர் வீட்டு அக்கா நாங்கள் பார்க்கும் சீரியலின் கதையை எங்களிடமே விசாரிக்கிறார். அதனால் பின்னால் பழைய கதர்த் திரையும் தொங்குகிறது. ஒரு ஜன்னலுக்கு இரண்டு செலவு.

துணிக்குப் பத்துக்கு ஒன்பது தருவேன். ஆனால் வாங்கலாமா என்றால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். சுவர்மேல், ஜன்னலைவிட இருபுறமும் மூணு நாலு அங்குலம் அகலமாக மாட்டித் தருவதாக எழுதிக் கொடுத்தால் மட்டும் யோசியுங்கள். எங்கள் ஜன்னலுக்கு அதுவும் வழியில்லை, இடப்பக்கச் சுவரில் ஏசி குழாய் இறங்குகிறது.