3-ஏ சீட்டு: ஹுவாய்னா பிச்சுவுக்கு முன்பதிவு செய்வோர் எதை வாங்குகிறார்கள்?

பெரு நாட்டின் பழைய மலைநகரமான மச்சு பிச்சுவைக் காட்டும் படங்களில், கல் வீடுகளுக்கும் அடுக்கடுக்கான வயல்களுக்கும் பின்னே செங்குத்தாக எழுந்து நிற்கிறதே ஒரு சிகரம், அதன் பெயர் ஹுவாய்னா பிச்சு. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் 2,693 மீட்டர். ஏறக்குறைய ஆனைமுடியின் உயரம். அதன் உச்சிக்கு ஏறுவதற்கான நுழைவுச்சீட்டு இப்போது 3-ஏ என்ற குறியீட்டில் விற்கப்படுகிறது. அந்தச் சீட்டையும் அதை முன்பதிவு செய்யும் முறையையும் பற்றியது இந்த மதிப்புரை. கொடுக்கும் பணத்துக்கு மேலாகவே மலை நமக்குத் தருகிறது. ஆனால் இந்தச் சீட்டை வாங்குவோர் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதை அதன் பெயரை மட்டும் பார்த்து எவராலும் அறிந்துகொள்ள முடியாது.

முன்பெல்லாம் ஒரே சீட்டில் உள்ளே நுழைந்து, மனம் போன போக்கில் நாள் முழுவதும் சுற்றி வர முடிந்தது. கூட்டம் பெருகவே, பெருவின் பண்பாட்டு அமைச்சகம் படிப்படியாகக் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாட்டின்படி இடிபாடுகளுக்குள் மூன்று சுற்றுப்பாதைகளும் அவற்றுக்குள் பத்து வழித்தடங்களும் இருக்கின்றன. ஒவ்வொரு வழித்தடத்துக்கும் தனிச் சீட்டு. நடையும் ஒருவழிதான், வந்த வழியே திரும்பவோ, வெளியேறிவிட்டு மீண்டும் நுழையவோ அனுமதி இல்லை. ஒரு நாளில் உள்ளே விடப்படுவோர் 4,500 பேர், நெரிசல் மிகுந்த சில நாள்களில் மட்டும் 5,600 பேர் வரை. வெளிநாட்டிலிருந்து வரும் பெரியவர்களுக்குப் பொதுக் கட்டணம் 152 சோல் (பெருவின் நாணயம்). மலையும் சேர்ந்த சீட்டுக்கு 200 சோல், அதாவது மாற்று விகிதத்தைப் பொறுத்து ஏறத்தாழ 5,000 ரூபாய். பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் இன்கா பேரரசின் மன்னர் பச்சாகூட்டியின் காலத்தில் எழுந்ததாகக் கருதப்படும் ஒரு நகரத்தையும் அதன் காவலன்போல் நிற்கும் சிகரத்தையும் காண இந்தத் தொகை அதிகம் என்று நான் சொல்லமாட்டேன்.

இனி அந்த இழப்புக்கு வருகிறேன். முதல் சுற்றுப்பாதை மேல் அடுக்குகளின் வழியே போகிறது. இரண்டாவது, மேலே தொடங்கி நகரத்தின் நடுப்பகுதிக்குள் இறங்குகிறது. மூன்றாவது, தாழ்வான பகுதியிலேயே நடந்து முடிகிறது. ஹுவாய்னா பிச்சு இந்த மூன்றாவது பாதையைச் சேர்ந்தது. அஞ்சலட்டைகளிலும் பயணக் கையேடுகளின் அட்டைகளிலும் நாம் காணும் காட்சியோ மேல் அடுக்குகளிலிருந்து மட்டுமே கிடைக்கும். ஆகவே 200 சோல் கொடுத்து மலையேறுபவருக்கு, 152 சோல் கொடுத்து இரண்டாம் பாதையில் நடப்பவர் நின்று படமெடுக்கும் இடத்தில் கால் வைக்க உரிமை இல்லை. விலை கூடிய சீட்டு என்பதால் எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும் என்று எண்ணுவது இயல்பு. இந்தச் சீட்டைப் பொறுத்தவரை அந்த எண்ணம் தவறு. இது கூட்டல் அன்று, பண்டமாற்று. மூன்றாம் பாதையிலும் பார்க்கத் தக்கவை இல்லாமலில்லை. சூரியக் கோயிலின் வளைந்த சுவரையும், பாறையையே இறக்கைகளாகக் கொண்ட கொண்டோர்க் கழுகுக் கோயிலையும் இந்த வழியில் காணலாம். ஆனாலும் உலகின் மறுபக்கத்திலிருந்து வந்தவர், கண்ணில் சுமந்து வந்த அந்த ஒரே காட்சியைக் காணாமல் திரும்புவது சிறு ஏமாற்றம் அன்று.

இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு சீட்டுகள் வாங்குவதே நேரான வழி: ஒருநாள் இரண்டாம் பாதைக்கான 2-ஏ, மறுநாள் 3-ஏ. மொத்தம் 352 சோல் ஆகும். மலையடிவாரத்து ஊரான அகுவாஸ் கலியெந்தேஸில் ஓர் இரவு தங்கவும் வேண்டியிருக்கும். செலவு கூடினாலும் இதையே நான் பரிந்துரைப்பேன். முதல் நாளில் மேலிருந்து நகரத்தைப் பார்த்துவிட்டால், மறுநாள் மலையுச்சியில் நின்று எதிர்ப்புறத்திலிருந்து அதே நகரத்தைப் பார்க்கும்போது, அதன் அமைப்பு முழுவதும் விளங்கத் தொடங்குகிறது. ஒரே சீட்டுக்குத்தான் கையிருப்பு இடம் தருகிறது என்போர், உயரத்தின் மீது பெரும் மோகம் இல்லாவிட்டால், 2-ஏ சீட்டையே எடுப்பது நல்லது.

முன்பதிவு அமைச்சகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் நடக்கிறது. தேதி, வழித்தடம், நுழையும் நேரம் ஆகியவற்றைத் தேர்ந்து, பயணி ஒவ்வொருவரின் கடவுச்சீட்டு விவரத்தையும் நிரப்பி, அட்டையில் பணம் செலுத்த வேண்டும். சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இந்த வேலையில், தமிழ்ப் பெயர் கொண்டவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் காத்திருக்கிறது. படிவம் பெயரையும் குடும்பப் பெயரையும் தனித்தனியே கேட்கிறது. நம்மில் பலருடைய கடவுச்சீட்டிலோ குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்கும், அல்லது தலைப்பெழுத்தை விரித்துத் தந்தையின் பெயர் அங்கே ஏறியிருக்கும். விமானச் சீட்டில் பெயர் எந்த முறையில் பிரிந்திருக்கிறதோ அதே முறையை இங்கும் பின்பற்றுவதே பாதுகாப்பானது. கடவுச்சீட்டு எண்ணில் மட்டும் ஓர் எழுத்தும் பிசகக் கூடாது, ஏனெனில் வாயிலில் சீட்டையும் கடவுச்சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே உள்ளே விடுகிறார்கள். முன்பதிவுக்கும் பயணத்துக்கும் இடையில் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பவர்கள், இந்தியக் கடவுச்சீட்டில் எண்ணும் மாறிவிடும் என்பதை மறவாமல், பழையதையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

பணம் செலுத்தும் இடத்தில் இந்தியாவிலிருந்து பதிவு செய்வோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ரிசர்வ் வங்கியின் விதிகள் காரணமாக, நம் வங்கிகள் புதிதாகத் தரும் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி முடக்கப்பட்ட நிலையிலேயே வருகிறது. அதை வங்கியின் செயலியில் முன்னதாகவே திறந்து, வரம்பையும் உயர்த்தி வைக்காமல், சீட்டுகள் வேகமாகத் தீர்ந்துகொண்டிருக்கும் வேளையில் அட்டை மறுக்கப்பட்டதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. இதில் குறை சொல்ல வேண்டியது பெருவை அன்று.

எவ்வளவு முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதே பலரும் கேட்கும் கேள்வி. மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட மாதங்களில் பயணம் என்றால், மலைச் சீட்டுக்குச் சில மாதங்களுக்கு முன்பே முந்திக்கொள்ள வேண்டும். சாதாரணச் சீட்டு கிடைக்கும் நாள்களில்கூட மலைக்கான இடம் எப்போதோ தீர்ந்திருக்கும். மலையில் ஒரு நாளில் அனுமதிக்கப்படுவோர் எண்ணிக்கை எப்போதுமே சில நூறுகளைத் தாண்டியதில்லை. முன்பு காலையில் இரு குழுக்களாக 400 பேர் ஏறினார்கள். அந்தப் படிகளைப் பார்த்தவர் எவரும் இந்த வரம்பைக் குறைகூறமாட்டார். ஆகவே வேலையின் வரிசையைத் தலைகீழாக்குவது நல்லது: முதலில் மலைச் சீட்டு, அதன் தேதி உறுதியான பிறகு ரயில், அதன் பிறகு, அருகிலுள்ள பெருநகரமான குஸ்கோவுக்கான விமானம். தலைநகர் லிமாவுக்கும் குஸ்கோவுக்குமான விமானம், ஒல்லாந்தாய்தாம்போ ஊரிலிருந்து செல்லும் ரயில், விடுதி, மலையடிவாரத்திலிருந்து மேலே ஏற்றிச்செல்லும் பேருந்து ஆகிய செலவுகளின் வரிசையில் நுழைவுச்சீட்டு மலிவானவற்றுள் ஒன்று. ஆனால் மற்ற அனைத்தும் அதன் தேதியைப் பிடித்துக்கொண்டே நிற்கின்றன.

இணையத்தில் தேடும்போது, அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் பல முதலில் கண்ணில் படும். டாலரில் விலை, தெளிவான ஆங்கிலம், கூடவே கணிசமான சேவைக் கட்டணம் ஆகியவை இவற்றின் அடையாளம். இடைத்தரகர் எல்லாரையும் ஏமாற்றுக்காரர் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. குடும்பமாகப் போகிறவர்களுக்கு ரயில், பேருந்து, வழிகாட்டி எல்லாவற்றையும் சேர்த்து ஏற்பாடு செய்து தரும் குஸ்கோ நிறுவனத்துக்குச் சிறிது கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவாகாது. ஆனால் அரசுத் தளத்தில் தீர்ந்துபோன தேதிக்கு மலைச் சீட்டு உறுதி என்று எவரேனும் சொன்னால், அங்கே நின்று யோசிக்க வேண்டும். சீட்டு ஒவ்வொன்றும் ஒருவரின் பெயரிலும் கடவுச்சீட்டு எண்ணிலும் பிறக்கிறது, பிறர் பெயருக்கு மாறுவதில்லை. அப்படியிருக்க, பதுக்கிவைத்து விற்பதற்கு எவரிடமும் சரக்கு இருக்க வழியில்லை.

நேரத்தைத் தேர்வதில் பெரும்பாலோர் காலையில் முதலில் மலையேறும் குழுவையே விரும்புகிறார்கள். நான் அடுத்த குழுவையே சொல்வேன். உருபாம்பா ஆறு இந்த மலைகளை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுவதால், விடியற்காலையில் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழுந்து சிகரத்தை மூடிவிடுவது வழக்கம். வெயில் ஏறிய பிறகே அது கலைகிறது. முதல் குழுவினர் ஏறி, வெண்மையைத் தவிர வேறெதையும் காணாமல் இறங்குவது அரிதன்று. சீட்டில் நகரத்துக்குள் நுழையும் நேரமும் மலை வாயிலுக்குரிய நேரமும் தனித்தனியே உள்ளன. முதன்மை வாயிலிலிருந்து மலை வாயிலை அடைய அரை மணி நேரத்துக்குக் குறையாது. வழியில் நின்று ரசிப்பவர்களுக்கு அது இன்னும் நீளும்.

மலை வாயிலில் ஒரு பதிவேடு இருக்கிறது. ஏறும்போது பெயரையும் நேரத்தையும் எழுதிக் கையொப்பமிட்டு, இறங்கியதும் மீண்டும் கையொப்பமிட வேண்டும். எல்லாரும் திரும்பிவிட்டார்களா என்று அறிய இதைவிட எளிய முறை இருக்க முடியாது. நகரத்திலிருந்து உச்சி வரை ஏறக்குறைய 260 மீட்டர் உயரம் என்பது எண்ணாகப் பார்க்கையில் பெரிதன்று. ஆனால் அதன் பெரும்பகுதி, இன்கா மக்கள் பாறையில் வெட்டியும் கல்லடுக்கியும் அமைத்த குறுகிய படிகள். சில இடங்களில் பாதத்தின் பாதியளவே அகலம், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெட்டவெளி. செங்குத்தான இடங்களில் எஃகுக் கம்பிவடங்களைப் பாறையோடு பொருத்தியிருக்கிறார்கள். மூச்சு வாங்குவதைவிட அச்சமே இங்கே பலரைத் தடுக்கிறது. ஏறுவதற்கு ஒரு மணி நேரம் போதும், மொத்தமாக இரண்டு முதல் மூன்று மணி நேரம். உச்சிக்குச் சற்று முன் ஒரு பாறை இடுக்கு வருகிறது. முதுகுப்பையைக் கழற்றி முன்னே தள்ளிவிட்டு, குனிந்தும் தவழ்ந்தும் அதைக் கடக்க வேண்டும்.

அதற்கு மேலேயும் கட்டடங்களும் அடுக்கு வயல்களும் இருப்பதைக் காணும்போது, இத்தனை கல்லை இங்கே சுமந்து வந்தவர்களை எண்ணித் திகைக்காமலிருக்க முடியவில்லை. ஓர் அடி வழுக்கினால் ஆற்றில்தான் போய் நிற்கும் என்ற இடத்தில், ஒரு முழ அகலத்துக்கு நிலம் சமைத்திருக்கிறார்கள். கீழே மச்சு பிச்சு முழுவதும் ஒரே பார்வையில் விரிகிறது. அதற்கப்பால், 1911-இல் அந்த இடத்தை வெளியுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த ஹிராம் பிங்காமின் பெயரைத் தாங்கிய பேருந்துச் சாலை மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்குகிறது. இறங்கும்போதுதான் உண்மையான சோதனை. சிலர் படிகளைப் பார்த்தபடி பின்புறமாக, ஏணியில் இறங்குவதுபோல் இறங்குகிறார்கள். அது வெட்கப்பட வேண்டிய செயல் அன்று, அறிவுள்ள செயல். மழை பெய்து கல் நனைந்திருந்தால் இறங்குவது மிகவும் கடினம் என்பதால், நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களுக்கு இந்தச் சீட்டை வாங்க நான் யாரையும் ஊக்குவிக்கமாட்டேன்.

உயரத்தைக் கண்டு தலைசுற்றுபவர்கள் 1-ஏ சீட்டைப் பார்க்கலாம். அது நகரத்தின் எதிர்ப்பக்கம் இருக்கும் மச்சு பிச்சு மலைக்கானது. 3,000 மீட்டருக்கும் மேல் எழுகிறது, நடையும் நீண்டது, ஆனால் பாதை அகலமானது, மேல் அடுக்குகளின் புகழ்பெற்ற காட்சியும் அதற்குள் அடங்கும். கட்டணம் அதே 200 சோல்தான். குறை என்னவென்றால், அந்தச் சீட்டில் நகரத்தின் உள்ளே நடக்க முடியாது. சிறுவர்களோடு போகிறவர்கள் ஹுவாய்னா பிச்சுவை மறந்துவிட வேண்டியதுதான். 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை.

சுற்றுப்பாதைக்குள் கழிப்பறை எதுவும் இல்லை, வாயிலுக்கு வெளியேதான் இருக்கிறது. வெளியே போனால் மீண்டும் நுழைய முடியாது என்ற விதியோடு சேர்த்துப் பார்த்தால், மலையேறுபவர்களுக்கு இது எவ்வளவு முக்கியமான செய்தி என்பது புரியும். மூன்று நான்கு மணி நேரம் உள்ளே இருக்கப்போகிறவர்களுக்கும் நுழையும் முன்பே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நிர்வாகத்தின் விடை. மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டுமானால் முதலில் இதற்குத்தான் குறைப்பேன். பெரிய பைகளுக்கும், நுனியில் ரப்பர் பொருத்தாத கைத்தடிகளுக்கும் தடை உண்டு. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

முன்பதிவு செய்யாமல் போய்ச் சேர்ந்தவர்களுக்காக அகுவாஸ் கலியெந்தேஸில் நாள்தோறும் 1,000 சீட்டுகள் நேரில் விற்கப்படுகின்றன. வரிசையில் நின்று எண் பெற்று, பெரும்பாலும் மறுநாளைக்கான சீட்டை வாங்கும் ஏற்பாடு அது. கால அவகாசம் உள்ளவர்களுக்கு அது பயன்படும். மலைச் சீட்டை எதிர்பார்த்து அந்த வரிசையில் நிற்பது வீண். முன்பதிவு செய்தவர்களும் தேதியைத் தங்கள் பயணத்தின் கடைசி நாளில் வைத்துக்கொள்ளக் கூடாது. 2023 ஜனவரியில் நாடெங்கும் நடந்த அரசியல் போராட்டங்களால் மச்சு பிச்சு மூடப்பட்டு, பிப்ரவரி நடுவில்தான் திறந்தது. 2024 ஜனவரியிலோ, சீட்டு விற்பனையைத் தனியார் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்ததை எதிர்த்து உள்ளூர் மக்கள் வேலைநிறுத்தம் செய்ததில் ரயில்களே நின்றன. லிமாவுக்குத் திரும்பும் விமானத்துக்கு முன் குஸ்கோவில் குறைந்தது இரண்டு நாள்களாவது இடைவெளி விட்டு, அதன் பிறகு 3-ஏ சீட்டுக்கான தேதியைத் தேர்ந்தெடுங்கள்.