திறந்த சைட்டா, துளை சைட்டா? நாற்பது தாண்டிய கண்ணுக்கு ஒரு கணக்கு

அக்கா மகன் கொலராடோவில் இருக்கிறான். போன வருடம் அங்கே 50 காலிபர் ஹாக்கன் வகை ரைபிள் ஒன்று வாங்கினான். கரிமருந்தை அளந்து குழல்வாய் வழியே கொட்டி, துணித்துண்டில் பொதிந்த ஈயக்குண்டைக் கம்பியால் இடித்து இறக்கி, கேப் (தட்டினால் பொறி பறக்கும் சின்ன மூடி) வைத்துச் சுடும் பழைய பாணித் துப்பாக்கி. வாங்கிய மூன்றாம் வாரம் குமரி மாவட்டம் குலசேகரத்தில் இருக்கும் எனக்கு போன் வந்தது.

“மாமா, பின் சைட்டு மங்கலாட்டு தெரியுது. முன் சைட்டப் பாத்தா குறி அட்டை போயிருது, அட்டையப் பாத்தா சைட்டு போயிருது. புதுசு மாத்தணும். எது வாங்க?”

சைட் என்பது குறி பார்க்கத் துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் நிற்கும் இரும்புத் துண்டு; பின் துண்டில் மேலே திறந்த வெட்டு இருந்தால் திறந்த சைட், ஓட்டை இருந்தால் துளை சைட். அவனுக்கு வயது 46. துப்பாக்கியில் ஒரு கோளாறும் இல்லை. வெள்ளெழுத்து வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அவன் கேட்ட கேள்வி சரியான கேள்வி. பட்டாளத்தில் இருபது வருடத்துக்கு மேல் இரும்பு சைட் வழியாகவே பார்த்துப் பழகியவன் என்ற முறையில், அவனுக்குப் போனில் சொன்னதை எல்லாம் ஒழுங்காக எழுதி வைக்கிறேன். இதே குழப்பத்தில் இருப்பவர்கள் வெளிநாட்டில் நம்மவர் பலர் உண்டு.

முதலிலேயே ஒன்று. இது அங்கே உரிமம் வாங்கி, சீசனில், சட்டப்படி மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கான அலசல். நம் ஊரில் காட்டு விலங்கைச் சுடுவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பேச்சிப்பாறைக்கு மேலே இருப்பது சரணாலயக் காடு. இங்கே யாரும் இதைப் படித்துவிட்டுத் தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கியைத் தூசு தட்ட வேண்டாம்.

ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) மாட்டினால் தீர்ந்தது என்று தோன்றும். கொலராடோவில் அது முடியாது. அங்கே செப்டம்பரில் வரும் முன்கெட்டித் துப்பாக்கி (குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் இந்த வகை) சீசனில் ஸ்கோப்புக்குத் தடை. பேட்டரி போட்டு எரியும் சைட்டுக்கும் தடை. இரும்பு சைட் மட்டும்தான். ஒளிநார் (ஃபைபர் ஆப்டிக்) பதித்த இரும்பு சைட்டுக்கு அனுமதி உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் இந்த விதி மாறும் என்பதால், காசைக் கொடுக்கும் முன் உங்கள் மாநிலத்தின் அந்த வருட விதிப் புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

திறந்த சைட்டில் கண் மூன்று இடத்தில் நிற்க வேண்டும். பின் சைட்டின் வெட்டு கண்ணிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. முன் சைட் இரண்டு முழத்தில். இலக்கு 50, 60 மீட்டரில். இருபது வயதுக் கண் இந்த மூன்றுக்கும் நடுவே நொடியில் தாவிவிடும். நாற்பது தாண்டினால் கண்ணின் லென்ஸ் விறைத்துப் போகிறது, தாவ முடிவதில்லை. முதலில் கைவிட்டுப் போவது கிட்டத்தில் இருக்கும் வெட்டுதான். அக்கா மகன் பட்ட பாடு அதுவே.

துளை சைட்டில் அந்த மூன்று இரண்டாகக் குறைகிறது. துளையை யாரும் பார்ப்பதில்லை, அதன் வழியாகப் பார்க்கிறோம். வட்டத்தின் நடுவே வெளிச்சம் கூடுதல் என்பதால் கண் தானாகவே முன் சைட் முனையை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். நான் பள்ளியில் என்.சி.சி.யில் பிடித்த பாயிண்ட் 22 ரைபிளில் வெட்டு சைட். பட்டாளத்தில் கைக்கு வந்த எஸ்.எல்.ஆர். ரைபிளில் துளை. முதல் நாள் ரேஞ்சில் உஸ்தாத் (பயிற்சி தருபவர்) சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: ஓட்டையை மறந்துவிடு, முனையை மட்டும் பார். இரண்டே பயிற்சியில் என் குரூப்பிங், அதாவது அட்டையில் குண்டுகள் சேர்ந்து விழும் வட்டம், சுருங்கியது. பிறகு ஏ.கே. பிடித்தபோது மறுபடி வெட்டு. கிட்டத்தில், அவசரத்தில் அது நன்றாகவே வேலை செய்தது. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு என்பது அனுபவத்தில் தெரிந்தது.

துளையின் இன்னொரு நன்மையை இப்போதே நீங்கள் சோதிக்கலாம். ஒரு பலா இலையில் தையல் ஊசியால் துளை போடுங்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இலையைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து அந்தத் துளை வழியாகப் பேப்பரைப் படியுங்கள். மங்கலாக இருந்த பொடி எழுத்து கறுத்துத் தெளியும். சின்னத் துளை வழியாக வரும் ஒளிக்கற்றை மெலிந்தது. அதனால் கிட்டமும் தூரமும் ஒருசேரத் துலங்குகின்றன. துளை சைட்டில் முன் முனையும் தூரத்து இலக்கும் சேர்ந்தே தெளிவாகத் தெரிவது இதனால்தான்.

ஆனால் துளை சின்னதாக ஆக, வெளிச்சமும் குறையும். கடைக்காரர்கள் அழுத்திச் சொல்லாத விஷயம் இது. வேட்டை நேரமே விடியலும் அந்தியும்தான். இதை வாயால் சொல்லி அவனுக்குப் புரியவில்லை. அதனால் ஒரு வேலை செய்தேன். மீட்டர் நீளத்தில் ஒரு மரச்சட்டம் எடுத்து, முன் நுனியில் தீக்குச்சி ஒன்றை நட்டேன். பவுடர் டப்பாத் தகரத்தை வெட்டி நான்கு துண்டு. ஒன்றில் அரத்தால் V வெட்டு, ஒன்றில் சதுர வெட்டு, ஒன்றில் ஒரு மில்லிமீட்டர் துளை, கடைசியில் நான்கு மில்லிமீட்டர் துளை. பழைய காலண்டர் தாள் ஒன்றை ரப்பர் தோட்டத்தில் ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு மரத்தில் ஆணியடித்து மாட்டினேன். விடியும் முன்னே, பால் வெட்டுகிறவர்கள் நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டிருந்த நேரத்தில் போய் உட்கார்ந்தேன்.

ரப்பர் தோட்டத்துக்குள் வெளிச்சம் மெதுவாகத்தான் இறங்கும். தாள் வெள்ளையாகத் தெரியத் தொடங்கியபோது ஒரு மில்லிமீட்டர் துளையில் வெறும் இருட்டு. V வெட்டில் தாள் தெரிந்தது, ஆனால் தீக்குச்சி வெட்டின் அடியில் எங்கே இருக்கிறது என்று பிடிபடவில்லை. சதுர வெட்டு சற்றுத் தேவலை. குச்சியின் இரண்டு பக்கமும் இரண்டு வெளிச்சக் கோடு நின்றது. நான்கு மில்லிமீட்டர் துளையைக் கண்ணருகே கொண்டுவந்ததும் தாளும் குச்சியும் சேர்ந்தே தெரிந்தன. வெறுங்கண்ணுக்கு என்ன தெரிந்ததோ கிட்டத்தட்ட அதே வெளிச்சம். காரணம் இருக்கிறது. இருட்டில் இளம் கண்ணின் பாவை ஏழு மில்லிமீட்டர் வரை விரியும்; வயது ஏற ஏற அவ்வளவு விரிவதில்லை. நம் பாவையே சுருங்கிவிட்ட பிறகு, நான்கு மில்லிமீட்டர் துளை திருடும் வெளிச்சம் கொஞ்சம்தான். ஒரு மில்லிமீட்டர் துளை நல்ல வெயிலில் அட்டையில் சுடுவதற்கு. அதோடு காட்டுக்குப் போகக்கூடாது.

இனி நீளக் கணக்கு. இரண்டு சைட்டுக்கும் நடுவே உள்ள தூரம் எவ்வளவு கூடுகிறதோ, நம் பிழை அவ்வளவு குறையும். திறந்த சைட் குழலின் மேல், கண்ணுக்கு முன்னால் தள்ளி இருக்கும். இரண்டுக்கும் இடையே 550 மில்லிமீட்டர் என்று வையுங்கள். முன் முனை வெட்டில் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றால் 50 மீட்டரில் குண்டு 9 சென்டிமீட்டர் விலகும். துளை சைட்டைப் பின்னால், அடிவாலில் (குழலுக்குப் பின்னே மரக்கட்டையில் பதிந்த இரும்பு வால்) வைத்தால் இடைவெளி 800 மில்லிமீட்டர் வரை போகும். அதே ஒரு மில்லிமீட்டர் பிழைக்கு இப்போது 6 சென்டிமீட்டர் சொச்சம். 100 மீட்டரில் இரண்டையும் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். மானின் நெஞ்சுப் பகுதியில் குறி வைக்க ஒரு சாப்பாட்டுத் தட்டளவு இடம்தான் இருக்கிறது. தட்டுக்கு வெளியே பட்டால் அந்த உயிர் நாள் கணக்கில் வலியோடு அலையும். நான் இவ்வளவு நுணுக்கிப் பார்ப்பதற்குக் காரணம் அதுதான்.

திறந்த சைட்டிலேயே வகை உண்டு. கொம்புபோல இரண்டு பக்கமும் வளைந்து எழும் பக்ஹார்ன் அழகாக இருக்கும். பழைய துப்பாக்கி பிடிக்கிறவர்களுக்கு அதன்மேல் ஒரு மயக்கம். எனக்கு அது வேண்டாம். கொம்பு இலக்கைச் சுற்றி இருப்பதை எல்லாம் மறைத்துவிடுகிறது. அரைக் கொம்பு தாங்கலாம். தட்டையான மேல்விளிம்பும் சதுர வெட்டும் உள்ள சாதாரண சைட் இவை எல்லாவற்றையும்விட நல்லது, விலையும் குறைவு.

ஒளிநார் சைட்டைப் பற்றி அக்கா மகனுக்கு ஆசை அதிகம். பச்சையும் சிவப்புமாக மின்னும்போது கடையில் வைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். வெள்ளெழுத்துக்காரருக்கு அந்தப் புள்ளி சட்டென்று கண்ணில் படும் என்பதும் உண்மை. ஆனால் உச்சி வெயிலில் புள்ளி ஒளிர்ந்து பெருத்து இலக்கை விழுங்கும். அந்த நார் சுற்றியுள்ள வெளிச்சத்தைத்தான் வாங்கிக் காட்டுகிறது. நன்றாக இருட்டிவிட்டால் அதுவும் அணையும். போதாக்குறைக்கு கரிமருந்துத் துப்பாக்கியை அன்றன்றே கழுவ வேண்டும். மருந்துக் கசடு ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். வெந்நீரும் எண்ணெயும் துணியுமாகத் தேய்க்கிற வேலையில் பிளாஸ்டிக் நார் எத்தனை நாள் தாக்குப் பிடிக்கும்? நாற்பது மீட்டருக்குள், அடர்ந்த மரங்களுக்கு நடுவே, சட்டென்று சுட வேண்டிய இடத்தில் வேட்டையாடுகிறவர் என்றால் மட்டும் அதை எடுக்கலாம்.

துளை சைட் பக்கம் லைமன் 57, வில்லியம்ஸ் எஃப்.பி. என்ற இரண்டு பெயர் அடிக்கடி காதில் விழும். இரண்டிலும் மேல் கீழும் இடம் வலமும் ஸ்குரூவால் நகர்த்தலாம். லைமன் 57-இல் ஒரு கிளிக் என்பது கால் மினிட் (மினிட் என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு). 100 மீட்டரில் 7 மில்லிமீட்டர். திறந்த சைட்டில் படி ஏற்றி இறக்கும் தகடு இதற்குப் பக்கத்தில்கூட வராது. இடம் வலம் திருத்த அதைப் பித்தளைக் கம்பி வைத்துச் சுத்தியலால் தட்ட வேண்டும். வாங்கும் முன் உங்கள் துப்பாக்கியில் மரை எடுத்த துளை இருக்கிறதா என்று பாருங்கள். லைமன் கிரேட் பிளெயின்ஸ் போன்றவற்றில் அடிவாலிலேயே மரை உண்டு. இல்லையென்றால் துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். வீட்டு டிரில்லிங் மெஷின் அதற்கு ஆகாது.

துளை சைட்டில் எனக்கு உண்மையாகவே கவலை தரும் இடம் ஒன்று இருக்கிறது. ஹாக்கன் வகையில் குழல் ஒரு கொக்கியில் மாட்டியிருக்கும். ஆப்பைத் தட்டி எடுத்தால் குழல் தனியாகக் கழன்று கைக்கு வரும்; கழுவ வசதி. திறந்த சைட் என்றால் முன்னும் பின்னும் குழலின் மேலேயே இருப்பதால் எத்தனை தடவை கழற்றினாலும் குறி மாறாது. துளை சைட்டோ அடிவாலில், மரக்கட்டையோடு நிற்கிறது. முன் சைட் மட்டும் குழலோடு போய் வருகிறது. கொக்கி தேய்ந்து கொஞ்சம் ஆடினாலும் போதும், கழுவி மாட்டிய பிறகு குறி வேறு. அக்கா மகனை, துளை சைட்டைப் பொருத்திய பிறகு மூன்று தடவை குழலைக் கழற்றி மாட்டி, ஒவ்வொரு தடவையும் மூன்று குண்டு சுட்டு, அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அவன் கொக்கி இறுக்கமாக இருந்தது. மூன்று குரூப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. ஆடும் கொக்கி என்றால் அவனைத் திறந்த சைட்டுக்கே திரும்பச் சொல்லியிருப்பேன்.

ஆக, அவனுக்கு நான் சொன்னது அடிவாலில் நிற்கும் துளை சைட், நான்கு மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் துளை. முப்பது வயதுக்காரன், கண் நன்றாக இருக்கிறது, மழையும் சேறுமான காடு என்றால் சதுர வெட்டே போதும். மழைத்துளி ஒன்று துளையில் நின்றுவிட்டால் அதை ஊதித் தள்ளும் வரை ஒன்றும் தெரியாது. திறந்த வெட்டில் அந்தத் தொல்லை இல்லை.

பின் சைட்டை மாற்றுகிறவர்கள் முன் சைட்டை மறந்துவிடுகிறார்கள். கண் நிற்க வேண்டிய இடமே அதுதான். பித்தளைக் குமிழ் வெயில் விழும் பக்கம் மின்னி, குறியை இழுத்துக்கொண்டு போகும். தட்டையான தலையுள்ள கறுப்பு முனை வாங்குங்கள். கண்ணிலிருந்து 90 சென்டிமீட்டரில் நிற்கும் 2 மில்லிமீட்டர் முனை, 100 மீட்டரில் 22 சென்டிமீட்டரை மறைக்கும். அதாவது தட்டு முழுவதும் போயிற்று. ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் 17 செ.மீ.க்குள் நிற்கும். விடியலுக்கு வேண்டுமானால் முனையின் பின்பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டால் மெல்லிய கோடு ஒன்று.

துளை சைட் பழைய வெட்டைவிட உயரமாக உட்கார்ந்தால் முன் சைட்டும் உயர வேண்டும். இல்லையென்றால் குண்டு மேலே போகும். உயரமாகவே வாங்கி, குண்டு கீழே படும்படி வைத்து, பிறகு அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து ஒரு குரூப் சுட்டுப் பார்க்க வேண்டும். மறுபடி இரண்டு இழுப்பு. குறைத்த இரும்பை ஒட்ட வைக்க முடியாது. அக்கா மகன் இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறான். நேற்று அனுப்பிய படத்தில் குண்டு இன்னும் நான்கு விரல் கீழே.